கூமாவில் விட்டுவந்த செருப்பு

பேய், ஆவி என்று யாராவது பேச்சை எடுத்தால் எழுந்து போகிற ஆள் நான். யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் புவியியல் படிப்பித்தவன். மலையில் பனிமூட்டம் எப்படி உண்டாகிறது என்று கரும்பலகையில் படம் கீறிக் காட்டியவன். பாரிசுக்கு வந்த பிறகும், எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் மெத்ரோ ரயிலை விட்டு இறங்கும்போது சாத்திரக்காரரின் விளம்பரத் துண்டை யாராவது கையில் திணித்தால், பத்து அடி தாண்டுவதற்குள் கசக்கி எறிந்துவிடுவேன். கீழே எழுதியிருப்பதை வேறொருவர் வந்து எனக்குச் சொல்லியிருந்தால், அவருக்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்பேனே தவிர நம்பியிருக்க மாட்டேன். நீங்களும் நம்ப வேண்டியதில்லை. ஆனால் முதலில் நான் செய்த பிழையைச் சொல்ல வேண்டும். அது இல்லாமல் மற்றது விளங்காது.

அந்த நாட்களில் எனக்குப் பகலில் ஓர் அலுவலகத்தில் கோப்பு அடுக்குகிற வேலை. சனிக்கிழமைகளில் லா சப்பலில் ஒரு பலசரக்குக் கடையின் பின்பக்கம், அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஒரு சின்ன மேசை போட்டு, கேஸ் எழுதுவேன். அகதியாக வந்தவர் தமிழில் தன் கதையைச் சொல்வார். நான் அதைக் கொப்பியில் குறித்துக்கொண்டு, வீட்டுக்குப் போய்ப் பிரெஞ்சில் வாக்குமூலமாக எழுதிக் கொடுப்பேன். அதைப் படித்துவிட்டுத்தான் அகதி அலுவலகத்தில் அவரைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். ஆயிரம் பேர் ஒரே மாதிரி அழிவைச் சொல்லும்போது, அதிகாரி ஒருவரை நம்ப வைப்பது எது என்று எனக்கு நன்றாகத் தெரியும். பெரிய விஷயங்கள் அல்ல. யாராலும் கற்பனை பண்ண முடியாத ஒரு சின்ன விஷயம்.

2010இல் யோகன் என்று ஒருவன் வந்தான். வன்னியில் சின்ன லொறி ஓட்டியவன், முப்பத்திரண்டு வயது இருக்கும். சண்டையின் கடைசி மாதங்களில் தன் அக்காவை முன்சீற்றில் பக்கத்தில் இருத்திக்கொண்டு, இடம்பெயர்ந்து போய்க்கொண்டிருந்திருக்கிறான். முன்னால் செல் குண்டு விழுகிற சத்தம். பாதை இருக்கிறதா என்று பார்த்துவருகிறேன் என்று அக்காவை ஒரு மதகுக்குப் பக்கத்தில், பாலைமரத்தடியில் இறக்கிவிட்டுப் போனான். அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தபோது அக்கா இல்லை. செருப்பு மட்டும் இருந்தது.

"ரெண்டு செருப்பும் கோயில் வாசல்ல கழட்டி வச்ச மாதிரிப் பக்கத்தில பக்கத்தில இருந்தது மாஸ்டர். ஓடினவ எண்டா ஒண்டு அங்கையும் ஒண்டு இஞ்சையுமெல்லோ கிடக்கும்? வெறுங்காலோட எங்கை போனவ எண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை."

"செருப்பை எடுத்துக்கொண்டு வந்தனியோ?"

"இல்லை. அவ திரும்பி வந்தா காலில போட வேணும்தானே. அப்பிடியே விட்டிட்டு வந்தனான்."

நான் பேனாவை வைத்துவிட்டேன். அதுவரை நூற்றுக்கணக்கான கதைகள் எழுதியிருந்தேன், அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. றப்பர் செருப்பு என்றான். ஒரு வார் அறுந்து, அக்கா அதில் சேப்டி பின் குத்திப் போட்டிருந்தாராம். அதையும் கொப்பியில் குறித்தேன்.

அதே மாதத்தில் என் மனைவியின் தங்கை மகன் வந்து சேர்ந்தான். எனக்குப் பெறாமகன். அவன் சண்டை நேரம் முழுக்கக் கொழும்பில் இருந்தவன். சொல்வதற்கு அவனிடம் பயம் இருந்தது, கதை இருக்கவில்லை. மனைவி சாப்பிடும்போதும் அழுதாள், படுக்கும்போதும் அழுதாள். "ஊராக்களுக்கெல்லாம் எழுதுறியள், என்ர தங்கச்சியின்ர பிள்ளைக்கு ஒரு கதை வராதோ உங்களுக்கு?" என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து, யோகனின் கதையை எடுத்து அவனுக்கு எழுதினேன். அக்காவை அம்மா ஆக்கினேன். பாலையை வேம்பு ஆக்கினேன். லொறியைச் சைக்கிள் ஆக்கினேன். செருப்பை மட்டும் மாற்ற மனம் வரவில்லை, அதுதானே கதை. சேப்டி பின்னை விட்டுவிட்டேன். வசனம் நீண்டுவிடும் என்று யோகனுக்கு எழுதியபோதும் அதை விட்டுவிட்டேன்.

பெறாமகனை முதலில் கூப்பிட்டார்கள். விசா கிடைத்தது. யோகனைக் கூப்பிட நாலைந்து மாதம் ஆனது. விசாரித்த அதிகாரி அவனிடம் கேட்டாராம்: இந்தச் செருப்புக் கதையை உங்களுக்கு யார் சொல்லித் தந்தது?

நிராகரிப்புக் கடிதத்தை அவன் என்னிடம்தான் கொண்டுவந்தான். நான்தான் அதை அவனுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். தனிப்பட்ட அனுபவத்தின் அடையாளம் எதுவும் இந்த வாக்குமூலத்தில் இல்லை என்று எழுதியிருந்தது. யோகன் அரிசி மூட்டையைப் பார்த்தபடி கேட்டான்.

"மாஸ்டர், நான் இதை உங்களிட்டை மட்டும்தான் சொன்னனான். நீங்கள் ஆருக்கும் சொன்னனீங்களோ?"

"எனக்கென்ன விசர் பிடிச்சிருக்கே? அண்டைக்கு ரோட்டால போன உன்ர ஊராக்கள் ஆரும் பாத்துச் சொல்லியிருப்பினம்."

"ஓம் மாஸ்டர்," என்று கடிதத்தை மடித்துக்கொண்டு போனான். மேன்முறையீடும் சரிவரவில்லை என்று கேள்விப்பட்டேன். பிறகு அவனைக் காணவில்லை. இந்தோனேசியா போய், அங்கிருந்து அவுஸ்திரேலியாவுக்குப் படகேறிவிட்டான் என்று கடையில் யாரோ சொன்னார்கள். அந்தப் படகுகளில் எத்தனை கரை சேர்ந்தன என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேஸ் எழுதுவதை நிறுத்தினேன். கண் தெரியவில்லை என்று எல்லோருக்கும் காரணம் சொன்னேன்.

மனைவி இறந்த பிறகு, 2017இல், சிட்னியில் இருக்கும் மகள் வாணி என்னை மூன்று மாதம் வந்து நிற்கச் சொன்னாள். அவளும் மருமகனும் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் நானும் தொலைக்காட்சியும்தான். கரும்பலகையில் சோக்கட்டியால் எத்தனையோ தடவை கீறிய அவுஸ்திரேலிய மலைத்தொடர், கரையோரமாகப் போனால் இரண்டு நாள் ஓட்டத் தூரத்தில் இருக்கிறது. காரைத் தா, ஒருக்காப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன்.

"தனியவோ? அப்பா, உங்களுக்கு இடப்பக்கம் ஓடத் தெரியுமோ?"

"நான் கார் ஓடப் பழகினதே இடப்பக்கத்திலதான் பிள்ளை. நீ பிறக்க முதல்."

ஆனாலும் முப்பது வருடம் வலப்பக்கம் ஓடிய கை கேட்கவில்லை. சிக்னல் போட நினைத்தால் மழைத்துடைப்பான் ஓடும். ஒரு துளி மழை இல்லாத நல்ல வெயிலில், ஒவ்வொரு திருப்பத்திலும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தெற்கே போனேன். ஒரு பக்கம் கடல் வந்து வந்து மறைந்தது. முதல்நாள் நருமா என்ற கரையோர ஊரில் தங்கினேன். கடலை ரசித்தேன் என்று சொன்னால் பொய். ஒவ்வொரு குடாவையும் பார்க்கும்போது, யோகன் இங்கே இறங்கியிருப்பானா, இறங்காமலே போயிருப்பானா என்ற நினைப்புத்தான் வந்தது. கண்டால் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். காண மாட்டேன் என்ற தைரியத்தில்தான்.

அடுத்த நாள் பேகா என்ற ஊரில் கடலை விட்டு மேற்கே திரும்பினேன். அங்கிருந்து கொஞ்சத் தூரத்தில் மலை தொடங்குகிறது. அடிவாரத்தில், நேரம் ஒரு மணி இருக்கும், கால் விறைத்ததால் காரை ஓரமாக நிறுத்தி இறங்கினேன். ஒரு சின்ன மதகு. பக்கத்தில் பெரிய யூக்கலிப்டஸ் மரம். ஐந்து நிமிடம் நின்றுவிட்டு ஏறினேன். மதகையும் மரத்தையும் பற்றி அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. உண்மையாகவே தோன்றவில்லை.

காரை எடுத்ததும் மணி அடிக்கத் தொடங்கியது. சீற்பெல்ற் போடாவிட்டால் அடிக்குமே, அந்த மணி. நான் போட்டிருந்தேன். முன்னால் விளக்கைப் பார்த்தால், பக்கத்துச் சீற்றுக்கு உரிய விளக்கு சிவப்பாக எரிந்தது. சீற்றில் ஒன்றும் இல்லை. என் பை பின்சீற்றில். தண்ணீர்ப் போத்தல்கூடக் கதவுப் பக்கத்தில்தான். மலை ஏறத் தொடங்கியிருந்தேன், வளைவுக்கு மேல் வளைவு, நிறுத்த இடமில்லை. பனிமூட்டம் வேறு இறங்கியது. ஈரக்காற்று மேலே ஏறும்போது குளிர்ந்து மூட்டமாகும், அதில் அதிசயம் இல்லை. மணி மட்டும் நிற்காமல் அடித்துக்கொண்டே வந்தது. கடைசியில் ஓர் ஒதுக்கு இடம் கிடைத்ததும் நிறுத்தி, எட்டி, வெறும் சீற்றுக்குப் பெல்ற்றை இழுத்துப் பூட்டினேன். மணி நின்றது.

மேலே நிம்மிட்டபெல் என்ற சின்ன ஊரில் தேநீர் குடித்தேன். ஏதோ ஈரத்தால் வந்த கோளாறு, இப்போது சரியாகியிருக்கும் என்று பெல்ற்றைக் கழற்றிவிட்டு எடுத்துப் பார்த்தேன். அடித்தது. பூட்டினேன். நின்றது.

பிறகு நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பயம் வரவில்லை, அதுதான் விநோதம். பக்கத்தில் ஓர் ஆள் பேசாமல் இருந்து வரும்போது, நாமும் பேசாமல் இருப்பது மரியாதை இல்லை என்பதுபோல ஓர் எண்ணம். யோகன் கடலில் போய்விட்டான், அவன்தான் வந்து ஏறியிருக்கிறான் என்று மனது முடிவு கட்டிவிட்டது. நான் பேசினேன்.

"தம்பி யோகன், நான்தான் குடுத்தனான். ஆரும் ரோட்டால போன ஆக்கள் இல்லை. என்ர பெறாமகனுக்கு எழுதினது உன்ர கதை. அதுக்குப் பிறகு நீ வந்து கேட்டபோதும் பொய் சொன்னனான். நீ ஓம் மாஸ்டர் எண்டு போனாய். நீ எனக்கு ரெண்டு அடி போட்டிருக்கலாம்."

மூட்டம் விலகி, இரண்டு பக்கமும் மரமில்லாத புல்வெளி. நாற்பது கிலோமீற்றர் அப்படியே பேசிக்கொண்டு போனேன். கூமா என்ற ஊரை அடைந்தபோது வெயில் இன்னும் இருந்தது. காரை அறை வாசலிலேயே நிறுத்துகிற வகை விடுதி. நான் கடைசி அறையை எடுத்தேன். இறங்குமுன் பக்கத்துப் பெல்ற்றைக் கழற்றிவிட்டு, "இறங்கு தம்பி," என்றேன். சிரிக்காதீர்கள்.

அறைக்குள் போகும்போது வழக்கம்போலச் சப்பாத்தை வெளியே வாசலில் கழற்றி வைத்துவிட்டேன். எங்கள் ஆட்கள் எந்த நாட்டில் எந்த விடுதிக்குப் போனாலும் செய்கிற வேலை. வாணி பலதடவை பேசியிருக்கிறாள். அன்று, ஏழு வருடத்தில் ஒருநாளும் தூங்காத மாதிரி நன்றாகத் தூங்கினேன்.

விடிந்து ஏழு மணிக்குக் கதவைத் திறந்தேன். வசந்த காலம் என்றாலும் அந்த ஊரில் உறைபனி விழும். கார் முழுக்க வெள்ளை. என் சப்பாத்தும் வெள்ளை. அதற்குப் பக்கத்தில் ஒரு சோடி றப்பர் செருப்பு, பெண்கள் போடுகிறது, பக்கத்தில் பக்கத்தில், முன்பக்கம் தெருவைப் பார்த்தபடி. அதில் பனி ஒரு பொட்டுக்கூட இல்லை. இடது செருப்பின் வார் அறுந்து, துருப்பிடித்த ஒரு சேப்டி பின் குத்தியிருந்தது.

அப்போதுதான் எனக்கு மதகு நினைவுக்கு வந்தது. மரம் நினைவுக்கு வந்தது. பக்கத்தில் வந்தது யோகன் இல்லை.

விடுதிக்காரி நல்ல பெண். வந்து பார்த்துவிட்டு, பக்கத்து நாலு அறையும் வெறுமை, யாரோ முன்பு வந்தவர்கள் விட்டதாக இருக்கலாம் என்றாள். நேற்று மாலை அங்கே செருப்பு இருக்கவில்லை என்று நான் சொன்னதற்குத் தோளைக் குலுக்கினாள். எடுத்துக் குப்பையில் போடவா என்று கேட்டாள். வேண்டாம், விடுங்கள் என்றேன். அதை நான் தொடவில்லை. என் சப்பாத்தை உதறிக்கூடப் போடாமல் காரில் ஏறினேன். வந்த பாதையை விட்டு நேரே நெடுஞ்சாலை பிடித்துச் சிட்னிக்கு வந்து சேர்ந்தேன். வழி முழுக்கப் பக்கத்துப் பெல்ற் தொங்கிக்கொண்டிருந்தது. மணி ஒருதரம்கூட அடிக்கவில்லை. மருமகன் காரைக் கொண்டுபோய்க் காட்டினார். ஒரு கோளாறும் இல்லை என்றார்கள்.

பாரிசுக்குத் திரும்பியதும் செய்த முதல் வேலை, பழைய கொப்பிகளைத் தேடி எடுத்ததுதான். 2010ஆம் ஆண்டுக் கொப்பியில், என் கையெழுத்தில், தெளிவாக இருந்தது: வலது செருப்பு, வார் அறுந்தது, சேப்டி பின்.

வலது. நான் கண்டது இடது. எனக்கு எவ்வளவு ஆறுதல் என்று உங்களுக்குச் சொல்ல முடியாது. அறுந்த செருப்புக்குப் பின் குத்துவது உலகத்தில் எங்கேயும் நடக்கும். யாரோ ஒருத்தியின் செருப்பு. குற்ற உணர்ச்சி உள்ள ஒரு கிழவன், பழுதான ஒரு மணி. அவ்வளவுதான்.

ஆனாலும் கேட்டுப் பார்ப்போமே என்று, பல வருடம் மிதிக்காத அந்தக் கடைக்குப் போய், முதலாளியிடம் யோகனைப் பற்றி ஏதும் தகவல் உண்டா என்றேன்.

"எந்த யோகன்? லொறி யோகனோ? அவன் இஞ்சை பாரிசுக்குப் பக்கத்தில, கூசேன்வில்லில இருக்கிறான் மாஸ்டர். எயாப்போட்டில சாமான் வண்டி ஓட்டுறான்."

"அவன் படகில போனதெண்டு..."

"ஆர் சொன்னது? அவன் ஒவ்வொரு சனிக்கிழமையும் இஞ்சைதான் மரக்கறி வாங்குறவன். நீங்கள்தான் எதிர்ப்பக்கத்தால தலையைக் குனிஞ்சுகொண்டு போறனீங்கள்."

அடுத்த சனிக்கிழமை பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் அவனைக் கண்டேன். தலை நரைத்திருந்தது. ஆறு வருடம் உணவகச் சமையலறைகளில் ஒளிந்து வேலை செய்து, அதைக் காட்டி ஒருவாறு விசா எடுத்திருந்தான். கலியாணம் கட்டவில்லை. காருக்குள் ஒத்திகை பார்த்தது ஒன்றும் வாயில் வரவில்லை. நான்தான் கொடுத்தேன், பொய் சொன்னேன், என்னை மன்னிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

"தெரியும் மாஸ்டர்," என்றான். "உங்கட பெறாமகன் ஒரு கலியாண வீட்டில குடிவெறியில எனக்கு முன்னாலயே அந்தக் கதையைச் சொன்னவன். அழுதவன் வேற. தாய் கனடாவில சுகமா இருக்கிறா எண்டு பக்கத்தில இருந்தவங்கள் சிரிச்சாங்கள். நான் சிரிக்கேல்லை. நான் அழாத அளவுக்கு அவன் அழுதவன்."

அத்தோடு நான் எழுந்து போயிருக்கலாம். ஆனால் கூமாவைச் சொல்லத்தான் வேண்டும் என்று பட்டது. மணி, மதகு, பெல்ற், செருப்பு எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிவிட்டு, "பயப்பிடாதை, அது அக்காவின்ரை இல்லை. நீ சொன்னது வலது, கொப்பியில இருக்கு. நான் கண்டது இடது," என்றேன்.

யோகன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"அண்டைக்கு உங்களிட்டை நான் பிழையாச் சொல்லிப்போட்டன் மாஸ்டர். வீட்டை போன பிறகுதான் நினைவு வந்தது. இடதுதான்."

மேம்பாலத்தில் மெத்ரோ ஒன்று வந்து, நின்று, போனது.

"நீங்கள் அங்கையிருந்து வெளிக்கிடேக்கை பக்கத்துப் பெல்ற் பூட்டியிருந்ததோ?"

"இல்லை."

"மணி அடிச்சதோ?"

"இல்லை."

"அப்ப அங்கைதான் இறங்கியிருக்கிறா," என்றான், பஸ்ஸில் வந்த ஆளைப் பற்றிச் சொல்வது போல. "செருப்பை ஏன் மாஸ்டர் விட்டிட்டு வந்தனீங்கள்?"

நீயும் விட்டுவிட்டுத்தானே வந்தாய் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவன் விட்டது அக்காவுக்காக. நான் விட்டது பயத்தில்.

"இடத்தை எழுதித் தாங்கோ," என்றான். "ஒண்டும் கூட்டாமல், குறைக்காமல்." எழுதிக் கொடுத்தேன். பேகா, அடிவாரத்து மதகு, கூமா, விடுதி, கடைசி அறை. அவ்வளவு சின்னதாக நான் எதையும் எழுதியதில்லை.

அடுத்த வருடம் லீவு எடுத்துக்கொண்டு தனியே போனான். ஒரு காலை நேரம் சிட்னியிலிருந்து தொலைபேசினான்.

"செருப்பு இல்லை மாஸ்டர். விடுதிக்காரிக்கும் தெரியேல்லை. ஏறிப் போகேக்கை மதகடியில நிண்டு பாத்தன், ஒண்டுமில்லை. ஆனா கூமாவில இருந்து வெளிக்கிடேக்கை மணி அடிச்சது."

"வாடகைக் கார்தானே? வேற கார்தானே?"

"ஓம், வேற கார். பெல்ற்றைப் போட்டுவிட்டன். சிட்னி வரைக்கும் கூட வந்தவ."

"பிறகு?"

"பிறகு எங்கட விசயம் மாஸ்டர். அதை நீங்கள் எழுத வேண்டாம்."

இதுவரை உள்ளதை எழுதலாமா என்று பிறகு அவனிடம் கேட்டு, அவன் ஓம் என்ற பிறகுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் பாக்கி. அவன் திரும்பி வந்து சில மாதம் கழித்து, ஒரு மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டான். முதல்தடவையாகக் கூசேன்வில்லில் அவன் வீட்டுக்குப் போனேன். தனி ஆள் குடியிருக்கிற வீடு. வாசலில் அவனுடைய வேலைச் சப்பாத்து இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு சோடி றப்பர் செருப்பு, பெண்கள் போடுகிறது, முன்பக்கம் வீட்டைப் பார்த்தபடி. உள்ளே சோறு கொதிக்கிற மணம். "கதவு திறந்துதான் கிடக்கு, வாங்கோ மாஸ்டர்," என்று அவன் குரல் கொடுத்தான்.

நான் குனிந்து பார்க்கவில்லை. என் சப்பாத்தைக் கொஞ்சம் தள்ளிக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனேன்.